இரண்டு இறக்கை அப்பிரதட்சிணம்

அனந்தலக்ஷ்மி ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் துணி துவைப்பாள். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அடுத்தபடியாக என்னைப் பார்ப்பார்கள். அது என்னிடமிருந்து தப்பிப்பதற்காக அல்ல என்று ஒவ்வொருவருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் சுக்கு, மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கையை ஓங்குவது கிடக்கட்டும், கட்டிய மனைவியிடம் குரலைக்கூட உயர்த்தியதில்லை. வெளியிலும் உயர்த்தியதில்லை. இந்தக் கதையே அதனால் வந்த வினைதான்.

மட்டாஞ்சேரி மேல்மடத்துச் சுப்ரமணிய சுவாமி கோயிலின் பின்மதிலை ஒட்டி எங்கள் வீடு. மலையாளத்துக் கோயில்களைப் போல இந்தக் கோயில் கருவறைக்கு மேலே ஓட்டுக்கூரை கிடையாது. நம்மவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கொத்தர்களை வரவழைத்துக் கட்டிய விமானம், அதாவது சின்னக் கோபுரம், இருக்கிறது. அதன் நான்கு பக்கத்திலும் பக்கத்துக்கு ஒரு சுதைச் சிம்மம். மேற்குப் பக்கத்துச் சிம்மம் போன மழைக்காலத்தில் அடிப்பாகம் விரிந்து, எங்கள் கொல்லையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. அது எட்டிப் பார்க்கிற இடத்துக்கு நேர் கீழே துவைக்கிற கல். தண்ணீர்க் குழாயும் அங்கேதான். சமையலறைக் கதவும் அங்கேதான் திறக்கிறது. கல்லை நகர்த்தலாம், குழாயை நகர்த்தலாம், சமையலறையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் அவள் என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். நான் ஆபீசுக்கு வெறுந்தலையோடு போய் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்டேன்.

"கேட்டேளா, மாங்கா பறிக்கற கழியால நான் ஒரு தட்டு தட்டினா போறும். காரியம் கழிஞ்சுது" என்றாள் அனந்தலக்ஷ்மி.

கோயில் விமானத்தைக் கழியால் தட்டுவதாவது! கோயில், ஊர்த் தமிழர்களின் சங்கமான சமாஜத்துக்குச் சொந்தம். சிம்மமும் சமாஜத்துக்குச் சொந்தம். விழுந்தால் மண்டை மட்டும்தான் எங்களுக்குச் சொந்தம். நான் முறைப்படி போகிற ஆள். சமாஜத்தின் செக்ரட்டரி விஸ்வேஸ்வரன் மாமாவைப் போய்ப் பார்த்தேன்.

மாமா துறைமுகத்துக் கிடங்கு ஆபீசில் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். கோயிலின் தெற்கு மதிலை ஒட்டிய சமாஜ ஆபீஸ் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்தார், அதற்கப்புறம் தேர்தல்கள்தான் வந்து போயின. நல்ல மனுஷர், யாருக்கும் இல்லை என்று சொல்லமாட்டார். ஆம் என்றும் சொல்லமாட்டார். நேரில் வந்து, எங்கள் கொல்லையில் நின்று, கழுத்து வலிக்கும்வரை மேலே பார்த்தார்.

"வெங்கிட்டு, கீழேந்து பாத்தா எல்லாம் சாஞ்சுதான் இருக்கும். நீயே இப்போ சாஞ்சுண்டாக்கும் நிக்கறாய்" என்றார்.

நான் நிமிர்ந்து நின்றேன். மாமா விதிகளைச் சொன்னார். விமானத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. திருப்பணி என்றால் சாரம் கட்டலாம். திருப்பணிக்குச் சமாஜம் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்றால் சிம்மத்தின் முகத்துக்கு நேரே, அதே உயரத்தில் நின்று எடுத்த படம். அந்த உயரத்தில் எப்படி நிற்பது என்று கேட்டேன். அதற்குச் சாரம் கட்ட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, தலைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வேகமாகக் கொல்லையை விட்டு வெளியேறினார்.

அனந்தலக்ஷ்மியின் தம்பி சங்கர்ராம் பெங்களூரில் இருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் ஒரு சின்ன ட்ரோன் வாங்கி அனுப்பிவிட்டான். நாலு இறக்கை, வயிற்றில் ஒரு கேமரா, மடக்கினால் சட்டைப் பைக்குள் அடங்கும். கூடவே ஒரு கையேடு. மற்றவர்கள் கையேட்டைப் படிக்காமல் கெடுப்பார்கள். நான் படித்துக் கெடுத்தேன். இறக்கைகளில் இரண்டு ஜாதி உண்டு, எதிரெதிர் மூலையில் ஒரே ஜாதியை மாட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. எதிரெதிர் மூலை எது, பக்கத்து மூலை எது என்று கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்துத் தப்பாக மாட்டினேன். பொத்தானை அழுத்தியதும் அது மேலே எழும்பாமல் குப்புறப் புரண்டது, சோபாவுக்கு அடியில் ஓடி, அங்கிருந்து உறுமியது. அனந்தலக்ஷ்மி வந்து கரப்பான் பூச்சியைக் கவிழ்ப்பது போல ஒரு கூடையால் அதைக் கவிழ்த்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிக் கிடங்கின் முற்றத்தில் பழகினேன். சமமான தரை பார்த்து வைப்பது, இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையம் மாட்டுவது, முதலில் ரிமோட்டையும் பிறகு ட்ரோனையும் உயிர்ப்பிப்பது, இரும்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் அதைக் கையில் ஏந்தித் திசைகாட்டியைச் சரிசெய்வது, மார்பு உயரத்தில் நிறுத்தி மூச்சு விடுவது, கண்ணை விட்டு மறைய விடாமல் பத்திரமாக இறக்குவது. பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால் அதுவே கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில் திரும்பிவிடும் என்பதும் தெரிந்தது. எந்த உயரத்தில் திரும்ப வேண்டும் என்பதை மட்டும் நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வழியில் இருக்கிற எல்லாவற்றையும்விட உயரமாகச் சொல்லி வை என்று கையேடு தடித்த எழுத்தில் எச்சரித்தது. அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். கோடு போட்டதோடு சரி.

ஆதாரத்துக்கு வழி கிடைத்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. படம் எடுக்கலாம் என்பதற்காக அல்ல, புதிதாக ஒரு உபகமிட்டி போடலாம் என்பதற்காக. ஆகாய உபகமிட்டி என்று பெயரும் அவரே வைத்தார்.

உபகமிட்டியின் முதல் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். புதிதாகக் கற்றவனுக்கு வாய் நிற்காது. இந்த யந்திரத்தின் சூட்சுமம் என்னவென்றால், நாலு இறக்கையில் இரண்டு வலமாகச் சுற்றும், இரண்டு இடமாகச் சுற்றும், அதனால்தான் அது தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் நிலையாக நிற்கிறது என்று விளக்கினேன்.

"இடமான்னா?" என்றார் மாமா.

"இடமாத்தான்."

"அதாவது அப்பிரதட்சிணம். சுவாமி தலைக்கு நேரே."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சுற்றுகிற வேகத்தில் கண்ணுக்கே தெரியாது என்றேன். நம் கண்ணுக்குத் தெரியாது, சுவாமி கண்ணுக்கு என்று ஒருவர் எழுந்தார். இரண்டு பிரதட்சிணத்தை இரண்டு அப்பிரதட்சிணம் கழித்துவிட்டால் நமக்கு மிச்சம் பூஜ்யம் என்று இன்னொருவர் கணக்குப் போட்டார். அவர் பாங்க் உத்தியோகஸ்தர். நாலு இறக்கையும் வலமாகவே சுற்ற வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஏகமனதில் என் மனதும் ஒன்று. கை தூக்காமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களோ என்று தூக்கிவிட்டேன்.

மோட்டார் சுற்றும் திசையை நம்மால் மாற்ற முடியாது. ஆனாலும் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நாலிலும் ஒரே ஜாதி இறக்கையை மாட்டி, கோயில் முற்றத்தில் கோலத்தின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அது ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு குப்புற விழுந்து, கோலமாவைக் கிளப்பி எங்கள் எல்லோர் நெற்றியிலும் பூசியது. சாஷ்டாங்கமாக விழுகிறது பாருங்கள், பக்தி இருக்கிறது, பயிற்சிதான் போதவில்லை என்றார் மாமா.

கடைசியில் குருக்கள்தான் வழி சொன்னார். மேலேயிருந்து பார்க்கும்போது வலமாகச் சுற்றுவது, கீழேயிருந்து பார்த்தால் இடமாகத் தெரியும். ஆகவே இரண்டு இறக்கை தேவர்கள் பார்வையில் பிரதட்சிணம், மற்ற இரண்டு மனுஷர் பார்வையில் பிரதட்சிணம். யாருக்கும் குறைவில்லை. அவரவர் தமக்குரிய இரண்டை மட்டும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு உபகமிட்டி இதை ஏற்றுக்கொண்டது. கூடவே இன்னும் இரண்டு முடிவுகள். ட்ரோன் விமானத்தைக் கிழக்கில் தொடங்கித் தெற்கு வழியாக முறையாக வலம் வர வேண்டும். எந்தக் காரணத்தைக் கொண்டும் கலசத்துக்கு மேலே போகக் கூடாது. அன்றைக்கே திரும்பும் உயரத்தைக் கலசத்துக்குக் கீழே இறக்கி வைத்தேன். பென்சில் கோடு ஞாபகம் வந்தது. சமாஜத்தின் முன் ஒரு பென்சில் கோடு எம்மாத்திரம்!

இனி வெளி அனுமதி. பக்கத்திலேயே துறைமுகமும் கடற்படையும் இருப்பதால் எங்கள் வானத்தில் காக்காயும் பருந்தும் தவிர வேறு எதுவும் கேட்காமல் பறக்க முடியாது. வெலிங்டன் தீவில் ஒரு வான்வெளி அனுமதி அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்கள். படகு ஏறிப் போனேன். சேவியர் என்கிற அதிகாரி உட்காரச் சொல்லி, சாயாவும் வரவழைத்தார். அரசாங்க அலுவலகத்தில் சாயா கொடுத்தால் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறந்ததிலிருந்து மலையாளத்தில் பேரம் பேசி, மலையாளத்தில் கணக்கு எழுதி வளர்ந்தவன் நான். அதனால் தைரியமாக விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான் தமிழ்ச் சொல்லாக வந்துவிட்டது. அது தமிழ் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் விமானத்தில் விரிசல் விட்டிருக்கிறது, ட்ரோனை விமானத்துக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் படம் எடுக்க வேண்டும் என்றேன். சேவியர் பேனாவை மூடி வைத்தார். மலையாளத்தில் விமானம் என்றால் ஆகாய விமானம் ஒன்றுதான்.

யாருடைய விமானம் என்று கேட்டார். சமாஜத்துடையது என்றேன். இப்போது எங்கே இருக்கிறது? மட்டாஞ்சேரியில், என் வீட்டுக்குப் பின்னால். எப்போது இறங்கியது? இறங்குவதாவது, கட்டின நாளிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது. சேவியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அகத்து ஆளுண்டோ?"

"உண்டல்லோ. சுப்ரமணிய சுவாமி."

"ஒற்றைக்கோ?"

"அல்ல சார், வள்ளியும் தெய்வானையும் உண்டு."

அவர்களுக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். மூன்று வேளையும் தவறாமல் நைவேத்யம் ஆகிறது, குருக்கள்தான் உள்ளே போய் வருகிறார், வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்றேன். அந்தக் குருக்கள் யாருடைய ஆள் என்று கேட்டார். பரம்பரையாக வருகிறவர் என்றேன். சேவியர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கூட நாலு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கதவருகில் நின்றுகொண்டார். மேஜை மேலிருந்த காகிதத்தில் விமானத்தை வரைந்து காட்டினேன். கலசம் வரைந்தேன், சிம்மம் வரைந்தேன், கீழே ஹெல்மெட்டோடு அனந்தலக்ஷ்மியையும் வரைந்தேன். சேவியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அம்பலமல்லே சேட்டா" என்றார். அம்பலம் என்றால் அவர்கள் பாஷையில் கோயில்.

கதவருகில் நின்றவர் இன்னொரு சாயா கொண்டுவரப் போனார். சேவியர் அதன்பிறகு மனம் விட்டுப் பேசினார். இந்த அலுவலகம் திறந்த நாளிலிருந்து இந்தப் பிரதேசத்தில் ட்ரோன் விபத்து ஒன்றுகூட நடந்ததில்லை, அகில இந்திய அளவில் பாராட்டு வாங்கியிருக்கிறோம், ரகசியம் வேறொன்றுமில்லை, இதுவரை யாருக்கும் அனுமதி கொடுத்ததில்லை என்றார். உங்கள் மனைவியின் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, நீங்கள்தான் முதல், எங்கள் பெயரைக் கெடுத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை காலைக்கு அனுமதி தந்தார். ஒரே நிபந்தனை, விமானம் அருகில் இருக்கும்போது ட்ரோன் பறக்கக் கூடாது.

சமாஜத்தில் மாமா இந்த நிபந்தனையைக் கூட்டத்தில் இரண்டு தடவை உரக்கப் படித்தார். விமானம் எப்போதும் அருகில்தான் இருக்கிறது, ஆகவே எப்போதும் பறக்க முடியாது, சர்க்கார் உத்தரவை மீறச் சமாஜம் தயாராக இல்லை என்றார். அவர்கள் சொல்வது பறக்கிற விமானம் என்று விளக்கினேன். அப்படியானால் நம் விமானம் பறக்காதது என்று சமாஜம் முதலில் தீர்மானம் போட வேண்டும் என்றார் மாமா. போட எழுந்தபோது பாங்க் உத்தியோகஸ்தர் ஆட்சேபித்தார். சுவாமி நினைத்தால் எது பறக்காது? நாம் யார் பறக்காது என்று சொல்ல? பெரிய வாக்குவாதம். எங்கள் விமானம் சமாஜம் அறிந்தவரை இதுவரை பறந்ததில்லை என்று திருத்தி நிறைவேற்றினார்கள். அன்றைக்கும் நான் கை தூக்கினேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அனந்தலக்ஷ்மி குழாயடியில் குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிம்மம் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதன் தாடையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து ஹெல்மெட் மேல் விழுந்தது. இவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எந்த உபகமிட்டியில் போய்ச் சொல்லிக்கொள்வேன்? கழியை எடுத்துத் தட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சனிக்கிழமைக்கு அனுமதி வாங்கியாகிவிட்டதே என்று கழியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். இப்படிப்பட்ட ஒருவனை அவள் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள் என்பதும் எனக்கு அப்போது தோன்றியது.

சனிக்கிழமை காலை கோயில் முற்றத்தில் பந்தல், மைக், தோரணம். சமதரையில் ஒரு பலகை போட்டு, ட்ரோனை அதன்மேல் வைத்தேன். ஜனங்களைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். குருக்கள் சந்தனத்தைக் கேமராக் கண்ணில் வைக்கப் போனார், கையைப் பிடித்துப் பேட்டரி மூடிக்குத் திருப்பிவிட்டேன். நாலு இறக்கைக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், அவற்றையும் கெஞ்சி எடுத்தேன். ட்ரோன் புறப்படும்போது சுமங்கலி ஒருத்தி ஆரத்தி எடுக்க வேண்டும் என்று மாமா ஏற்கெனவே சொல்லியிருந்தார். பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற முறையில் அந்தக் கௌரவம் அனந்தலக்ஷ்மிக்கு. அவள் துவைத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, தட்டோடு வந்தாள். அவசரத்தில் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்திருந்தாள். ஆரத்தியை முடித்துக்கொண்டு அவள் கொல்லைக்குத் திரும்பக் கிளம்பியபோது, பேச்சு முடியும்வரை யாரும் போகக் கூடாது என்று மாமா மைக்கில் சொன்னார். துணி ஊறுகிறது என்று என் காதில் முணுமுணுத்தபடி அவள் நின்றாள்.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். பேச்சு சுருக்கமாக இருக்கும் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்ததால் ரிமோட்டையும் ட்ரோனையும் முன்னதாகவே உயிர்ப்பித்துவிட்டேன். மாமா தொடங்கினார்.

"இந்த ஆபத்தை மொதல்ல பாத்தது சமாஜம். அன்னிலேந்து இன்னிவரை பாத்துண்டே இருக்கறதும் சமாஜம். நாங்க கண்ணை எடுக்கலை. யாராவது கை வெச்சிருந்தா ஒரு நாளிலே முடிஞ்சிருக்கும். ஆனா நாங்க யாரையும் கை வெக்க விடலை."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மாமா சமாஜத்தின் வரலாற்றுக்குள் போனார். முன்னாள் செக்ரட்டரிகளின் பெயர்களைச் சொன்னார். ரிமோட்டில் பேட்டரி குறைவதைப் பார்த்துக்கொண்டே நான் நின்றேன். அணைத்து வைத்திருக்கலாம். செக்ரட்டரி பேசும்போது யந்திரத்தை அணைத்தால் மரியாதைக் குறைவாகுமோ என்று விட்டுவிட்டேன்.

ஒருவழியாக மாமா கையில் கொடி அசைந்தது. ட்ரோன் எழும்பியது. தெற்கே திரும்பிச் சமாஜ ஆபீசின் மேல் வழியாக, அந்தப் பக்கத்துச் சிம்மத்தின் முன்னால் ஊர்ந்து போயிற்று. என் கட்டைவிரல் நடுக்கத்தில் படம் எடுக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தது. கண்ணை விட்டு மறையக் கூடாதே என்று நானும் அதன் பின்னாலேயே பிரகாரத்தில் ஓடினேன். உபகமிட்டியும் என் பின்னால் ஓடி, எல்லோரும் ஒரு அரைப் பிரதட்சிணம் வந்தோம். மேற்கே எங்கள் சிம்மத்துக்கு நேரெதிரே ட்ரோன் நின்றது. முகத்துக்கு நேர் முகம். இரண்டு படம் எடுத்திருப்பேன், ரிமோட் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. ட்ரோன் கையேட்டில் சொன்னபடி, கிளம்பிய இடத்துக்கு நேர்கோட்டில், நான் சொல்லி வைத்த உயரத்தில் திரும்பிற்று. நேர்கோட்டில் சிம்மம் இருந்தது.

பெரிய மோதல் ஒன்றுமில்லை. சட்டைப் பையளவு யந்திரம், ஒரு தட்டு தட்டியது, அவ்வளவுதான். சிம்மம் தலையை ஆட்டுவதைப் பார்த்தேன். பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

அனந்தம் எங்கே, அனந்தம் எங்கே என்று கேட்டேன். துணி ஊறுகிறதென்று முணுமுணுத்தவள் மாமா கொடி அசைத்ததும் போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன். திரும்பினால், எனக்குப் பின்னால், உபகமிட்டியோடு கூடவே ஓடி வந்து, ஆரத்தித் தட்டோடு, ஹெல்மெட்டோடு நிற்கிறாள். மாமாவின் முடிவுரை பாக்கி இருப்பதாகச் சொல்லிப் பாங்க் உத்தியோகஸ்தர் அவளைக் கயிற்றைத் தாண்டி வீட்டுக்குப் போக விடவில்லையாம். எத்தனையோ பேச்சுகளைச் சபித்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு மட்டும் நான் என்றைக்கும் கடன்பட்டவன். எல்லோருக்கும் முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தட்டு சாய்கிறது என்றாள்.

கொல்லையில் துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. சிம்மம் அதைவிடப் பல துண்டாகக் கிடந்தது. ட்ரோனின் இறக்கையில் இரண்டு மட்டும் தப்பியிருந்தன. அவை எந்த ஜாதி என்று நான் பார்க்கவில்லை, குருக்கள் பார்த்தார்.

அன்று சாயங்காலமே சமாஜ ஆபீசில் உபகமிட்டி கூடியது. சமாஜத்தின் இடைவிடாத முயற்சியால் ஆபத்து நீங்கியது என்று மாமா தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். மேற்குச் சிம்மம் சாய்ந்திருந்ததற்கான ஆதாரம் ஏற்கப்படுகிறது. ஆனால் சிம்மம் இப்போது இல்லாததால் சாரம் கட்டத் தேவையில்லை. சிம்மத்துக்கான நஷ்டத்தை யார் ஏற்பது என்பதை வேறொரு உபகமிட்டி ஆராயும். கடைசி வரியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கம்போல என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

தீர்மானத்தோடு சேர்த்து வைக்கப் படங்களைக் காட்டச் சொன்னார் மாமா. போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். முதலில் வந்தது தெற்குப் பக்கம். என் கட்டைவிரல் நடுங்கியதில் அந்தச் சிம்மத்தைத்தான் அதிகம் எடுத்திருந்தேன். சம உயரத்தில், முகத்துக்கு நேராக, தெளிவாக. கழுத்தைச் சுற்றி விரிசல் ஓடி, தலை உடம்போடு ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சமாஜ ஆபீசின் ஓடு. அந்த ஓட்டுக்கு நேர் கீழே எது இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பார்த்தோம். விஸ்வேஸ்வரன் மாமா தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். எத்தனையோ தேர்தல்களால் முடியாத காரியம் அது.

கூட்டத்தை வெளியில் நின்றுகொண்டே தொடரலாம் என்றார். வெளியில் வந்ததும் தொடர வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை விடிந்ததும் கொத்தர்கள் மூங்கிலும் கயிறுமாக வந்துவிட்டார்கள். தெற்குப் பக்கத்தில் சாரம் ஏறுகிறது. யாரும் தீர்மானம் கேட்கவில்லை. விமானத்தில் கால் வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கொத்தர் பீடி பற்ற வைத்துக்கொண்டு இடமிருந்தும் வலமிருந்தும் மாற்றி மாற்றிச் சுற்றி வந்தார். அதையும் யாரும் கேட்கவில்லை.

நான் கொல்லையில் கல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்வாசல் வழியாக விஸ்வேஸ்வரன் மாமா வந்தார். என்னிடம் பேசாமல் நேரே சமையலறைக் கதவருகில் போய் நின்றார்.

"அனந்தம், ஒரு காரியம். கொத்தனுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். சீல் ஆபீஸ் மேஜைக்குள்ள ஆக்கும் இருக்கு. உள்ள போகணும்னா... அந்த ஹெல்மெட் கொஞ்சம் வேண்டியிருந்தது."

அனந்தலக்ஷ்மி வெளியே வந்தாள். ஹெல்மெட் அவள் தலையில் இல்லை, கையில் இருந்தது. மேற்கே விமானத்தில் சிம்மம் இருந்த வெற்றிடத்தை ஒரு தடவை பார்த்தாள். மாமாவை ஒரு தடவை பார்த்தாள்.

"அதுக்கென்ன மாமா. ஒரு அப்ளிகேஷன் எழுதிக் குடுங்கோ. உபகமிட்டி கூடி ஆலோசிச்சுட்டுச் சொல்லும்" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் முறைப்படி போகிற ஆள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.